புலி ஆண்டுப் பிள்ளைகளின் மரபணு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டியதும் வரும் ஊர் ஜெஞ்சாரோம். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் அங்குள்ள தோங் சென் புத்த ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க வரும் கார்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஊரின் நடுவே சீனப் புதுக்கிராமம். சுற்றுவட்டாரத்தில் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்து லயங்களில் தமிழர்கள். சிலாங்கூரின் பல ஊர்கள் இப்படித்தான் அமைந்தன: இந்தப் பக்கம் சீனர் கிராமம், அந்தப் பக்கம் தமிழர் தோட்டம். சேலை கட்டி, தலையில் பூ வைத்து, தோட்டத்துத் தமிழில் விலை பேசும் சீன முகப் பாட்டிகளைக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பார்க்கும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர் லெட்சுமியாகவோ மாரியம்மாளாகவோ இருக்கும்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை மற்ற இனத்தார் வீடுகளுக்கு வளர்க்கக் கொடுத்தது ஊரறிந்த சங்கதி. மானுடவியலாளர் தெரசா தேவசகாயம் அப்படி வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். வறுமை ஒரு காரணம், ஆண் பிள்ளை ஆசை இன்னொன்று. ஜாதகமும் சேர்ந்துகொண்டது. சீன நாட்காட்டியில் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. 1938, 1950, 1962 மூன்றும் புலி ஆண்டுகள். இவற்றில் 1950 இரட்டைச் சோதனை. அந்த ஆண்டுதான் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவுக்கு வந்து, காட்டோரம் குடியிருந்த சீனர்களைக் கம்பிவேலிக்குள் கொண்டுவந்து குடியேற்றும் திட்டத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அரிசிக்கும் அளவு வைத்த காலத்தில் ஐந்தாவது பெண் பிறந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

தோட்டத்திலும் தொட்டில் காலியாக இருந்த வீடுகள் உண்டு. போர்க்காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஒரு மருத்துவச்சியோ மளிகைக் கடைக்காரரோ இடையில் நிற்க, குழந்தை கைமாறும். தத்தெடுப்புக்கென்று 1952-இல் சட்டங்கள் வந்தன. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ வீடுகளில் எந்தக் காகிதமும் எழுதப்படவில்லை.

அப்படி வளர்ந்த ஒரு பாட்டியின் பேத்தி, இணையத்தில் ஒரு மரபணுச் சோதனைப் பெட்டி வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் எச்சில் துப்பி, மூடி, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறாள். சில வாரங்களில் கைப்பேசிக்கு இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்று, வண்ணம் தீட்டிய உலக வரைபடமும் சதவீதக் கணக்கும். மற்றது, அந்த நிறுவனத்தில் சோதனை செய்துகொண்டவர்களில் அவளுக்கு யார் யார் உறவு என்ற பெயர்ப்பட்டியல். எல்லாரும் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். நண்பர்களுக்கு அனுப்புவதும் அதைத்தான். என் கணிப்பில் அதுதான் இரண்டில் நோஞ்சான். குடும்பத்தைப் புரட்டிப்போடும் பலம் பட்டியலுக்குத்தான் இருக்கிறது.

சதவீதம் எப்படி வருகிறது? நம் மரபணுத் தொகுதி 300 கோடி எழுத்துகள் கொண்டது. எந்த இரண்டு மனிதருக்கும் அதில் 99.9 சதவீதம் ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் ஆறேழு லட்சத்தை மட்டும் ஒரு சில்லு படிக்கிறது. பிறகு கணினி, அந்த எழுத்துவரிசையைத் துண்டுதுண்டாக எடுத்து, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளில் எதற்கு மிக அருகில் வருகிறது என்று பார்க்கிறது. பெயிண்ட் கடையில் சுவரின் நிறத்தை வண்ண அட்டையோடு வைத்துப் பார்ப்பதைப் போன்றதுதான். அட்டையில் இல்லாத நிறத்தைக் கடைக்காரர் காட்ட முடியாது. பக்கத்து நிறத்தைத்தான் காட்டுவார்.

தமிழர்களைப் பொறுத்தவரை அந்த அட்டை மெலிந்தது. உலக மரபணு வேறுபாட்டை அறிய முதலில் திரட்டப்பட்ட பொதுத் தொகுப்பு ஒன்றில் தெற்காசியா என்ற பெயரில் இருந்தவர்கள் எல்லாரும் பாகிஸ்தானின் குழுக்கள்: சிந்திகள், பலூச்சிகள், கலாஷ் மக்கள் இப்படி. அடுத்து வந்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 2015-இல் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவை வெளியிட்டது. அதில் தமிழர் உண்டு. ஆனால் அவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். தமிழ்நாட்டில் எடுத்த மாதிரி என்று ஒரு குழு இல்லை. சிங்கப்பூர் 2019-இல் 4,810 பேரின் மரபணுத் தொகுதிகளை வெளியிட்டபோது அதில் 1,127 பேர் இந்தியர். நம் பக்கத்து ரத்தத்துக்கு அது பெரிய வரவு. நிறுவனங்கள் பொதுத் தரவோடு தங்கள் வாடிக்கையாளர் தரவையும் சேர்த்துக்கொள்கின்றன. அப்படியும், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்தவரின் பேரனுக்கும், சேலத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்தவரின் பேரனுக்கும் கிடைக்கும் விடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. தென்னிந்தியா, இலங்கை என்று பொத்தாம்பொதுவாக ஒரு வட்டம். எந்த ஊர், எந்தக் குலதெய்வம் என்று கேட்பவருக்கு அங்கே விடையில்லை. தஞ்சாவூர்க் கிராமத்தில் இருக்கும் பங்காளி இந்தச் சோதனையைச் செய்துகொண்டால் ஒழிய ஊர்ப்பெயர் வராது. அவர் அநேகமாகச் செய்துகொள்வதில்லை.

பாட்டியின் விஷயம் வேறு. சீன மாதிரிகள் ஏராளம். தென்சீனத்து ஹான் மக்களுக்கென்று தனித் தொகுப்பே உண்டு. கண்டம் அளவிலான வேறுபாட்டில் கணினி தடுமாறுவதில்லை. பாட்டிக்கு ஏறத்தாழ முழுக்கச் சீனம் என்று வரும். தோட்டத்துத் தமிழருக்கு வாழ்க்கைப்பட்டுப் பெற்ற மகளுக்குப் பாதி. பேத்திக்குக் கால்பங்கு என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள், அங்கேதான் சிறு சிக்கல். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது சரிபாதி. ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கருமுட்டையிலும் மாறும். நிறமூர்த்தங்கள் துண்டாகி, மாறிச் சேர்ந்து, புதிய கலவையாக இறங்குகின்றன. ஆகவே ஒரு பேத்திக்கு 20 சதவீதம் வரலாம், கூடப் பிறந்தவளுக்கு 30 வரலாம். அக்கா தங்கைக்கு இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. தலைமுறை ஏற ஏற இந்தக் குலுக்கல் இன்னும் கொடியது. 10 தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர். அவர்களில் பலரிடமிருந்து அவருக்கு ஓர் எழுத்துகூட வந்து சேர்ந்திருக்காது. வம்சத்தில் இருப்பார்கள், உடம்பில் இருக்க மாட்டார்கள்.

இந்தக் குலுக்கலுக்குத் தப்பிய ஒன்று உண்டு. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 16,569 எழுத்துகளில் ஒரு தனி மரபணு வளையம் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டும் வருவது. பாட்டி, அவர் மகள், மகளின் மகள் என்று பெண்வழியில் கலப்பில்லாமல் இறங்கும். தென்சீனத்தில் அதிகம் காணும் பி, எஃப் கிளைகளில் ஒன்று பேத்தியின் விடையில் இருந்தால் வியப்பில்லை. தமிழரிடையே பரவலான எம்2 கிளை அவளுக்குத் தந்தைவழிப் பாட்டியிடம்தான் இருந்திருக்கும், அது அவளுக்கு வராது. தாய்வழி விடையை மட்டும் வாசிப்பவர் இந்தப் பெண்ணை முழுச் சீனத்தி என்று எழுதிவிடுவார். ஆடிமாதம் கூழ் ஊற்றும் குடும்பம் அது.

கலப்பு இந்த நாட்டுக்குப் புதிதில்லை. மலாக்காவின் செட்டிகள், தமிழ் வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன் உருவான சமூகம். மலாய் பேசிக்கொண்டு இந்துக் கோயில் நடத்துகிறார்கள். பெரானாக்கான் சீனர்கள் 177 பேரின் மரபணுவைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் படித்து 2021-இல் வெளியிட்டார்கள். சராசரி மலாய்ப் பங்கு 5 முதல் 6 சதவீதம். சமையலிலும் உடையிலும் பேச்சிலும் அத்தனை மலாய் இருக்கும் சமூகத்தின் உடம்பில் அவ்வளவுதான். பண்பாடு போன வழியிலேயே மரபணு போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் வட்டாரத்தில் எனக்குத் தெரியாது.

இனிப் பெயர்ப்பட்டியல். இரண்டு பேருக்கு நீளமான ஒரே எழுத்துவரிசை பல இடங்களில் இருந்தால், சமீபத்தில் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தது என்று அர்த்தம். அந்த நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ 3,400. உடன்பிறந்தாருக்கு 2,600 அளவில். பாதி உடன்பிறப்பு, அத்தை, சித்தி, மாமன் என்றால் 1,750 அளவு. அடுத்த தலைமுறையில் அதில் பாதி. இங்கே வண்ண அட்டையே தேவையில்லை. தமிழரா சீனரா என்ற கேள்வியே எழாது. நேருக்கு நேராக இரண்டு மனிதரை ஒப்பிடுகிறது கணினி, நெருங்கிய உறவில் அது தவறுவது அபூர்வம்.

பாட்டியின் கூடப் பிறந்தவரின் பேரன் மெல்பர்னில் இருக்கிறான், விளையாட்டாக அவனும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறான் என்று கொள்வோம். பாட்டியின் எச்சிலை அனுப்பினால் அவன் ஏறத்தாழ 850 சென்டிமார்கனில் பட்டியலின் உச்சியில் நிற்பான். பேத்தியின் எச்சிலை அனுப்பினால் அதே ஆள் 200 சொச்சத்துக்கு இறங்கிவிடுவான். அந்த எண்ணுக்குப் பொருந்தும் உறவுகள் பல. வீட்டில் மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய மாதிரியை எடுப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். ஐந்து தலைமுறைக்கு முந்தைய மூதாதையரைப் பகிரும் பங்காளிகளில் பாதிப் பேரோடு நமக்குப் பொதுவான துண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். காத்திருந்தால் தடம் அழியும்.

அதே பட்டியலில் தமிழ்ப் பக்கத்து உறவுகளைப் படிப்பது இன்னொரு கலை. ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் ஹைதராபாத்தின் தங்கராஜும் நடத்திய ஆய்வுகள் இந்தியரின் மரபணு வரலாற்றைத் திறந்துவைத்தன. வடக்கு, தெற்கு என்று இரண்டு பழைய மூதாதை மக்கள் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தாராளமாகக் கலந்தார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது, சாதிக்குள்ளேயே மணம். 2017-இல் வந்த ஆய்வில் பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள், சிறு கூட்டத்திலிருந்து பெருகியதால் மரபணு குறுகிப்போவதில் பின்லாந்தினரையும் ஐரோப்பிய யூதரையும் மிஞ்சியிருந்தன. கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலும்தான் ஆள் சேர்த்தார். அதனால் அந்தக் குறுக்கம் கப்பலேறித் தோட்டத்துக்கும் வந்தது. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் லயத்திலும் தொடர்ந்தன. விளைவு, ஒரே ஆள் நமக்கு நான்கு வழிகளில் தூரத்துச் சொந்தமாக இருப்பார். நான்கு சிறு துண்டுகளைக் கூட்டிப் பார்க்கும் கணினி அவரைக் கிட்டத்துச் சொந்தமாகக் கொண்டுவந்து வைத்துவிடும். அமெரிக்கக் குடும்பங்களை வைத்துப் போட்ட அளவுகோல் நம் வீட்டில் ஒரு படி மிகையாகவே காட்டும்.

பாட்டியின் வீட்டில் இந்தக் கணக்கு இன்னொரு விதமாகவும் திரும்பலாம். வளர்த்த அம்மாவின் அண்ணன் மகனுக்கே அவரைக் கட்டிவைத்திருந்தால், முறைப்படி அது மாமன் மகனைக் கட்டியது. உண்மையான முறைமணத்தில் பிறக்கும் பிள்ளையின் மரபணுவில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். இவர்களின் பிள்ளைக்கோ அப்படி எதுவும் இருக்காது. பந்தியில் உட்கார்ந்தவர் எல்லாருக்கும் சொந்தத்துக்குள் செய்த கல்யாணம். ஆய்வகத்துக்கு அது இரண்டு கண்டங்களுக்கு இடையே நடந்த சம்பந்தம்.

பாட்டி பெரிய மனுஷி ஆனபோது சீர்த்தட்டு தூக்கி வந்த மாமன், அவர் மகனுக்குக் காது குத்தியபோது மடி கொடுத்த தம்பி, இவர்கள் யாரும் பெயர்ப்பட்டியலில் வர மாட்டார்கள். சென்டிமார்கன் பூஜ்யம். மெல்பர்ன்காரன் வருவான், அவன் இவர்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. சோதனை பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, மரபணு எங்கிருந்து வந்தது என்பது. மடி கொடுத்தது யார் என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

விடை வந்த பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சமூகவியலாளர் வெண்டி ராத் ஆராய்ந்திருக்கிறார். இத்தகைய சோதனை செய்துகொண்ட 100 அமெரிக்கர்களோடு பேசி 2018-இல் அவரும் சக ஆய்வாளரும் எழுதிய கட்டுரையின்படி, பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் அடையாளத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. மாற்றிக்கொண்டவர்களும் வந்த எல்லாவற்றையும் ஏற்கவில்லை. பிடித்ததை எடுத்து, பிடிக்காததை விட்டார்கள். ஆக, சதவீதம் ஆளை மாற்றுவது குறைவு. பட்டியலின் கதை அப்படியில்லை. பியூ ஆய்வு மையம் 2019-இல் அமெரிக்காவில் எடுத்த கணிப்பில், சோதனை செய்தவர்களில் 27 சதவீதம் பேர் அதுவரை தெரியாத நெருங்கிய உறவைக் கண்டதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவருக்கு மேல். இதைப் படித்துவிட்டு எல்லா வீட்டு அப்பாக்களையும் சந்தேகிக்க வேண்டாம்: ஐரோப்பியக் குடும்ப வரலாறுகளை மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், அப்பா என்று நினைத்தவர் அப்பாவாக இல்லாத நிலை தலைமுறைக்கு ஒரு சதவீதம் அளவில்தான் வந்தது. வதந்தி சொல்லும் எண் அதைவிடப் பல மடங்கு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பேத்திக்கு இந்த விடை வெறும் ஆர்வத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் அட்டையில் இந்தியர் என்று இருக்கும், மருத்துவர் அதை வைத்துத்தான் குடும்ப நோய்களைக் கேட்பார். வலிப்புக்குத் தரும் கார்பமசெப்பின் மருந்து சிலருக்குத் தோலை உரித்தெடுக்கும் உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். ஹெச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டார்கள். ஹான் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் பரவலாகக் காணும் வகை அது. பாட்டியிடம் இருந்திருந்தால் மகளுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு, பேத்திக்கு நான்கில் ஒன்று. தென்சீனரிடம் அதிகமுள்ள ஒரு வகை ஆல்பா தலசீமியாவும் இப்படியே இறங்கும். வம்சாவளிப் பெட்டியை நம்பி இவற்றை முடிவுசெய்யக் கூடாது, இவற்றுக்கு மருத்துவமனைச் சோதனை தனி. ஆனால், "எங்கள் அம்மாயி சீனப் பிள்ளை" என்று மருத்துவரிடம் சொல்லிவைப்பதற்குக் காசு செலவில்லை.

காகித விவகாரத்துக்கு இந்தப் பெட்டி உதவாது. குழாயில் இருந்தது யாருடைய எச்சில் என்பதற்குச் சாட்சி கிடையாது. பிறப்புப் பதிவுக்கோ வழக்குக்கோ தேவைப்படும் சோதனை அதிகாரிகள் முன்னிலையில் மாதிரி எடுத்துச் செய்வது. சட்டமும் எப்போதும் மரபணுவின் பின்னால் போவதில்லை: மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, திருமணம் நீடிக்கையிலோ அது முறிந்து 280 நாட்களுக்குள்ளோ பிறந்த பிள்ளையைக் கணவனின் முறையான பிள்ளையாகவே கொள்கிறது.

இன்னொரு பக்கம், எச்சில் போய்ச் சேரும் இடம். 2006-இல் தொடங்கிய 23அண்ட்மீ நிறுவனத்தின் 2023 தரவுத் திருட்டில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. திருடியவர்கள் முதலில் விற்பனைக்கு வைத்தவற்றில் சீன வம்சாவளியினரின் பட்டியலும் ஒன்று. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு, நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கற்ற அமைப்பு அதை 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

ஆனால் ஒரு குடும்பத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் இருக்கும் கேள்வி, பாட்டி சம்மதித்தாரா என்பது. தன்னைக் கொடுத்தவர்களைத் தேட விரும்பும் பாட்டிகள் உண்டு. அந்தப் பேச்சையே எடுக்காதே என்பவர்களும் உண்டு, வளர்த்தவளுக்கு அது துரோகம் என்று நினைப்பவர்கள். அவர் வேண்டாம் என்றாலும், பேத்தி தன் எச்சிலை அனுப்பினால் பாட்டியின் கால்பங்கு கூடவே போய்விடுகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கிழவி இருக்கலாம், 1950-இல் பிறந்த தங்கையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவர். மெல்பர்ன் பையனுக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே முழுக் கதையையும் கொட்டினால் அது அன்று மாலையே ஜெஞ்சாரோம் வீட்டுத் தொலைபேசியில் ஒலிக்கும். பெரிய நிறுவனங்களில் உறவுப் பட்டியலை அணைத்துவைக்க வழியுண்டு. அப்படிச் செய்தால் சதவீதம் மட்டும் வரும், யார் கண்ணிலும் பேத்தி படமாட்டாள். பாட்டியிடம் பேசி முடிக்கும்வரை அதை அணைத்துவைக்கலாம், அவர் சரியென்றால் ஒரே தட்டில் திறந்துகொள்ளலாம், அப்போது குழாயில் துப்ப வேண்டியவரும் அவரேதான்.